படம் வேண்டாம் என்றவர்

அலுவலகத்தில் அவருக்குக் கறுப்புத்திரை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை, ஏதோ மேடையில் ஏற்றிக் கொடுத்த பட்டம்போல வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிக் கொடுத்த அறையில் கணினிப் பிரிவு இருந்தது. கொஞ்சம் உயரமான ஆள் கவனமில்லாமல் எழுந்தால் படியின் அடிப்பக்கம் நெற்றியைப் பதம் பார்க்கும். எந்தக் கிளையில் எந்தக் கணினி படுத்தாலும் இந்த அறைக்குத்தான் தூக்கி வருவார்கள். அவர் அதைத் துடைத்துவிட்டு, கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டு அனுப்புவார். போடும்போது அது கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த ஊர் நேரம், டிஸ்க்கில் எந்தப் பகுதியை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று. இந்தக் கேள்விகளைக் கேட்கும் இன்ஸ்டாலர் இரண்டு விதமாகக் கிடைத்தது. ஒன்றில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. அம்புக்குறி விசையால் ஒரு வரியில் போய் நின்று என்டர் தட்ட வேண்டும். மற்றதில் வண்ணப் படமும் பொத்தானும். மௌஸால் தொட்டால் போதும். எழுத்து இன்ஸ்டாலரைத் தவிர வேறெதையும் அவர் அந்த அறைக்குள் விட்டதில்லை.

அவர் சொன்ன காரணங்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கிளைகளிலிருந்து வந்தவற்றில் பாதி, படம் காட்டத் தெம்பில்லாத கிழட்டுப் பெட்டிகள். தனக்கென்று திரையே இல்லாத சர்வர்களுக்குத் தூரத்திலிருந்து ஓஎஸ் போடும்போது எழுத்துதான் ஒழுங்காக வந்து சேரும். எங்காவது இடித்தால் எழுத்து இன்ன இடத்தில் இடிக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்கும், படமோ ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளுக்கெல்லாம் அடியில் இன்னொரு உண்மை கிடந்தது. அதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"படத்தைப் போட்டுக் காட்டினா ரோட்டுல போறவன்கூட ஓஎஸ் போட்டுடுவான். அப்புறம் நான் எதுக்கு?"

அதற்காகத்தான் அவர் தம்முடைய பெரிய வேலையையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். இன்ஸ்டாலர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே பதில் எழுதிய ஒரு கோப்பு அது. அதைக் கொடுத்துவிட்டால் ஒரு அறை நிறையக் கணினிகள் ஆள் துணையில்லாமல் தாமே ஓஎஸ் போட்டுக்கொள்ளும். வருஷக்கணக்காக ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு மாதிரியாகத் திருத்தித் திருத்திச் சேர்த்தது. அது அவருடைய மேஜைக் கணினியில், டிஸ்க்கின் இரண்டாவது பாதியில் மட்டும் இருந்தது. நகல் எடுத்தால் நகல் கைமாறும் என்று நகலே எடுக்கவில்லை. புத்திசாலித்தனம் ஒரு கட்டத்துக்கு மேல் போனால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தப் பிரிவுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். சுறுசுறுப்பு, கொஞ்சம் அவசரக் குடுக்கை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். வந்த கொஞ்ச நாளிலேயே பட இன்ஸ்டாலரைக் கொண்டுவந்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் நீளமாக ஒரு பட்டை. பாதி பச்சை, பாதி ஆரஞ்சு.

"சார், இந்தப் பட்டைதான் டிஸ்க். பச்சை, ஓஎஸ் இருக்குற இடம். ஆரஞ்சு, ஆளுங்களோட ஃபைல் இருக்குற இடம். பச்சையை மட்டும் அழிக்கப்போறோம். எது போகுது, எது நிக்குதுன்னு கண்ணுக்கு நேரா தெரியுது பாருங்க. உங்க லிஸ்ட்ல ரெண்டு வரியும் ஒரே மாதிரி இருக்கு சார், அசந்தா மாறிடும்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கும்மா கலர்? நாம என்ன பாலர் வகுப்பா நடத்துறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே "என்ன, மௌஸம்மா?" என்று ஒரு பெயரையும் வைத்துவிட்டார். அது ஒட்டிக்கொண்டது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவள்மேல் அவருக்கு அவ்வளவு கசப்பு.

மௌஸம்மா பிரசவ விடுப்பில் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் மேலாளருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். நீண்ட விடுப்பிலிருந்து திரும்பும் யாரும் நேராகக் கணினியில் கை வைக்கக் கூடாது. மேலாளர் முன்னால், எழுத்து இன்ஸ்டாலரை வைத்து, கையாலேயே ஒரு கணினிக்கு ஓஎஸ் போட்டுக் காட்ட வேண்டும். ஆளுடைய கோப்பு இருக்கும் பாதியை அழிக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் யாரும் உதவக் கூடாது, பேசக் கூடாது. தவறினால் ஸ்டோருக்கு மாற்றம். மேலாளர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர். போட்டார். அது விதியானது.

தேர்வுக்கு வந்து உட்கார்ந்தவள் கைக்குழந்தைக்காரி, தூங்கி எத்தனை நாளோ, கண் சிவந்திருந்தது. வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் டிஸ்க் பட்டியலில் நின்றுவிட்டாள். அம்புக்குறியை மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள். பிறகு, ஒரே அறையில் வேலை பார்த்த உரிமையில், அவரைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"சார், ரெண்டாவதுதானே?"

"விதியில பேச இடமில்லம்மா" என்றார் அவர். அதட்டவில்லை. மிகவும் இனிமையாகச் சொன்னார். அதுதான் மோசம்.

தான் நினைத்தது தப்போ என்று குழம்பி அவள் முதல் வரியில் என்டர் தட்டினாள், முழு டிஸ்க்கும் அழிந்தது. அடுத்த வாரம் ஸ்டோரின் டோனர் கவுன்டருக்குப் போனாள். நடையின் கோடியில், கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு ஜன்னல். அதன் வழியாக ஒவ்வொரு பிரிவுக்கும் டோனர் என்கிற பிரின்டர் மைத்தூள் பெட்டியை எடுத்துக் கொடுப்பது வேலை. ஏழு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். எதிரில் பார்த்தால் "வணக்கம் சார்" என்பாள். அவர் தலையை ஆட்டுவார். அந்த வணக்கம் அவருக்கு ஒவ்வொரு முறையும் குத்தும், அதற்காக வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஒரு காலையில் அவர் வீட்டில் செய்தித்தாளைப் பிரித்தார். பிரித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு கூத்தை. இன்னிக்கு வேற ஏதோ பாஷையில அச்சடிச்சு அனுப்பிட்டானுங்க."

மனைவி மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்பவள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, "விளையாடாதீங்க, நேரமாச்சு" என்று சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பையை அப்படியே கீழே வைத்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, ஏதாவது எழுதச் சொன்னார். அவர் கடகடவென்று எழுதினார், கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது. "இப்ப நீங்க எழுதினதைப் படிங்க" என்றார் டாக்டர். அவர் தாளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று முன் தம் கையாலேயே எழுதியது, யாரோ கிறுக்கிவைத்ததுபோலக் கிடந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. கண் நன்றாக இருக்கிறது, எழுதுகிற கை நன்றாக இருக்கிறது, புத்தியும் ஒன்றும் ஆகவில்லை. கண் பார்க்கிற எழுத்து, எழுத்து என்று புரிகிற இடத்துக்குப் போகிற வழிதான் அறுந்துவிட்டது. முகம் தெரியும், நிறம் தெரியும், படம் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது.

"படம் தெரியுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"எல்லாப் படமும் தெரியும்" என்றார் டாக்டர், ஆறுதலாக. நல்ல மனுஷர். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வழி சொல்லித் தந்தாள். எழுத்தைப் பார்த்துக்கொண்டே அதன் வடிவத்தை விரலால் தொடையில் வரைய வேண்டும். கண் மறந்ததை விரல் ஞாபகம் வைத்திருக்கும். வரைந்தால் அது இன்ன எழுத்து என்று பிடிபடும். பிடிபட்டது. ஒரு வரி படித்து முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. தொடையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டும்போது அவருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாராவது அறைக்குள் வந்தால் கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

உடம்பு தேறியது. நடந்தார், பேசினார், வழக்கம் தவறாமல் குறை சொன்னார். அலுவலகத்துக்கு அனுப்பிய சான்றிதழில் டாக்டர் பொதுவாக "ரத்தக்குழாய் அடைப்பு, குணமாகி வருகிறார்" என்றுதான் எழுதியிருந்தார். படிக்க முடியாது என்ற விஷயம் வீட்டுக்குள் மட்டும் இருந்தது. ஆனால் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்தத் தேர்வு இருக்கிறதே. மேலாளர் முன்னால், எழுத்து இன்ஸ்டாலர், கையால், யாரும் பேசாமல். ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது. அதில் தேறினால் மாடிப்படிக்குக் கீழே தம் நாற்காலி. தேறாவிட்டால் கழிப்பறைக்குப் பக்கத்து ஜன்னல்.

மனைவியின் தம்பி ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவன்தான் கடையில் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு கணினியைத் தூக்கிவந்து முன்னறையில் வைத்தான்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லவா? என் கடைக்கு வர்றவங்கள்ல யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு நான் கேட்டதே இல்ல. எல்லாரும் ஃபோனை ஓட்டுறாங்க. பச்சையைத் தள்ளு, சிவப்பைத் தள்ளு, அவ்வளவுதான். உங்களுக்கும் அந்தக் கலர் படம் போட்ட இன்ஸ்டாலர் இருக்காமே, அதைக் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டா என்ன?"

"உன் வேலையைப் பாரு" என்றார் அவர்.

"அவன் சொல்றதுல என்னங்க தப்பு?" என்றாள் மனைவி. "மேலாளர்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. இந்த மாதிரி ஆயிடுச்சு, எனக்குப் படம் உள்ளதைக் குடுங்கன்னு. மனுஷன்தானே, புரிஞ்சுக்க மாட்டாரா?"

"நான் போய் எனக்குப் படம் வேணும்னு கேக்கணும். கேட்டா அதை யாரு கொண்டுவந்து வைப்பா தெரியுமா? அவ கொண்டுவந்து வைப்பா. அவகிட்ட நான் உக்காந்து பச்சை எது, ஆரஞ்சு எதுன்னு பாக்கணும். அதுக்கு அந்த அடைப்பு இன்னும் நல்லா அடைச்சிருக்கலாம்."

மனைவி எழுந்தாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை வேண்டிய சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

ஆனாலும் மறுநாளிலிருந்து, வேலைக்குப் போகும் முன், அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் திரையைப் படித்துச் சொல்வாள், அவர் விசையைத் தட்டுவார். மொழி, என்டர். ஊர், கீழே, கீழே, என்டர். டிஸ்க் பட்டியலில் முதல் வரி "முழு டிஸ்க்கையும் அழி", இரண்டாவது வரி "இரண்டாம் பாதியை விட்டுவை". ஆகவே ஒருமுறை கீழே, என்டர். அடுத்தது கணினிக்குப் பெயர், இருக்கிற பெயரே போதும், வெறும் என்டர். கடைசியில் "சரியா?" என்று கேட்கும், அங்கே கர்சர் "இல்லை"யில் நிற்கும், இடதுபக்க அம்பு, என்டர். சில வாரங்களில் அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. திரையை ஒரு துண்டால் மூடிவிட்டுக்கூடச் செய்தார். விரல் தானாகப் போனது. அவருக்குப் பழைய முகம் திரும்பிவந்தது, மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? படமா இருந்தா இப்படிச் செய்ய முடியுமா? மௌஸைக் கண்ணை மூடிட்டு எங்க கொண்டுபோய் வைப்ப? இதுதான் நான் அன்னிலேர்ந்து சொல்றது."

அவள் அவரையே பார்த்தாள். "இத்தனை நாளா நான் பக்கத்துல உக்காந்து படிச்சேனே, அது எந்த இன்ஸ்டாலர்ல சேத்தி?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் மறுபடி முதலிலிருந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்.

தேர்வு நாளில் மேலாளர் அவரை வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். "வாங்க, வாங்க. இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தானே, உங்களுக்கு என்ன சோதனை வேண்டிக்கிடக்கு? உங்க மெஷின்லயே போட்டுடுங்க, பழகின கீபோர்டு. என்ன சொல்றீங்க?" என்றார். மனுஷர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இவர் தயங்கினார். தம் கணினியின் இரண்டாவது பாதியில் அந்தக் கோப்பு இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தலையை ஆட்டினார். ஒருமுறை கீழே, என்டர், விரலுக்குத் தெரியும்.

உள்ளே போனால் மௌஸம்மா நின்றுகொண்டிருந்தாள். அவர் விடுப்பில் இருந்தபோது ஆள் இல்லாமல் அவளைக் கணினிப் பிரிவுக்குத் தற்காலிகமாக வரவழைத்திருந்தார்கள். கணினியைத் தயார் செய்து வைத்தவள் அவள்தான், சாட்சியாக நிற்க வேண்டியவளும் அவள்தான். "வணக்கம் சார்" என்றாள், அதே குரலில்.

அவர் உட்கார்ந்தார். கறுப்புத் திரை வந்தது, நீலக் கட்டம் வந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. பயமில்லை. மொழி, என்டர். ஊர், கீழே, கீழே, என்டர். விரல்கள் ஓடின. மேலாளர் "ம், கை மறக்கல" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இவர் கழுத்தை நிமிர்த்தினார். டிஸ்க், ஒருமுறை கீழே, என்டர். அடுத்தது ஒரு என்டர்.

திரை சிவப்பாக மாறியது.

வீட்டில் ஒருமுறைகூட சிவப்பு வந்ததில்லை. கடைசிவரை நீலம்தான். இங்கே கட்டம் முழுக்க ரத்தச் சிவப்பு, அதற்குள் இரண்டு வரி எழுத்து, கீழே இரண்டு சொல். நடந்தது இதுதான். அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது இன்ஸ்டாலரின் புதிய பதிப்பு வந்துவிட்டது. டிஸ்க்குக்கு முன்னால் அது இன்னொரு கேள்வி கேட்கிறது, ஏதோ ஒன்றுக்கும் உதவாத கேள்வி. அவர் டிஸ்க்குக்கு என்று தட்டியதை அது வாங்கிக்கொண்டது. அதற்கடுத்து அவர் தட்டிய என்டர், "முழு டிஸ்க்கையும் அழி" என்ற முதல் வரியில் விழுந்தது. நிஜமாகவே அழிக்கட்டுமா என்றுதான் சிவப்பு கேட்கிறது. படிக்கத் தெரிந்த யாரும் இரண்டு நொடியில் பின்வாங்கியிருப்பார்கள்.

அவருக்கு இவ்வளவும் தெரியாது. ஆனால் சிவப்பு தெரிந்தது. சிவப்பு நல்லதற்கு வருவதில்லை என்பது தெரிந்தது. கை விசைப்பலகையை விட்டு இறங்கியது. மேஜைக்கு அடியில், தொடையின்மேல், வலது கையின் ஆள்காட்டி விரல் மெதுவாக முதல் எழுத்தை வரைய ஆரம்பித்தது. ஒரு கோடு, ஒரு வளைவு. முதல் எழுத்து பிடிபட்டது. இரண்டாவதும் பிடிபட்டது. நேரம் மட்டும் கிடைத்தால் போதும், மொத்தமும் பிடிபட்டுவிடும். விதியில் நேரத்துக்கு வரம்பு ஒன்றும் அவர் எழுதவில்லை.

"ஏதாவது சிக்கலா?" என்றார் மேலாளர்.

"இல்ல. படிச்சிட்டிருக்கேன்."

மூன்றாவது எழுத்தை வரையும்போது ஏதோ உறுத்தியது. நிமிர்ந்து பார்த்தார். மௌஸம்மா திரையைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில், அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே போனது. கண் விரலிலிருந்து திரைக்குப் போனது, திரையிலிருந்து அவர் முகத்துக்கு வந்தது. வாய் லேசாகத் திறந்தது.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தொடையிலிருந்த விரலை, சூடு பட்டதுபோல எடுத்தார். அவள் முன்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பதா? பாலர் வகுப்பு என்று சொன்ன வாய் அல்லவா அது? கையை மேலே கொண்டுவந்து, மனப்பாடத்தில் மீதமிருந்ததைத் தட்டினார். இடதுபக்க அம்பு. என்டர்.

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

முடிந்த பிறகு, கணினி புதுமணத்தோடு எழுந்து நின்றது. மேலாளர் குனிந்து இரண்டாவது பாதியைத் தேடினார், மறுபடி தேடினார். "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார், நம்ப முடியாமல். "எல்லாக் கிளைக்கும் நீங்க எழுதி வெச்சிருந்தது இதுலதானே இருந்துச்சு? வேற எங்கயாவது காப்பி இருக்கும்ல?"

"இல்ல" என்றார் கறுப்புத்திரை.

யாரும் திட்டவில்லை. நோய் வந்த மனுஷன், கை தடுமாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பாவம் என்றார்கள். அந்த "பாவம்" வேலை நீக்க ஆணையைவிடக் கனமாக இருந்தது. அடுத்த வாரம் அவர் டோனர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

வீட்டில் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "சிவப்பு வந்துச்சுன்னு சொல்றீங்க. நிறுத்திட்டு, தெரியலன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இதே ஜன்னல்தான் கிடைச்சிருக்கும்."

"ஜன்னல் கிடைச்சிருக்கும். நீங்க எழுதினது மிஞ்சியிருக்கும்ல?" என்றாள் அவள்.  முன்னறையில் இருந்த கணினியைத் தம்பி வந்து தூக்கிக்கொண்டு போன பிறகும் ஸ்டூல் கொஞ்ச நாள் அங்கேயே கிடந்தது. ஒருநாள் அவள் அதை எடுத்து அடுப்படியில் போட்டுக்கொண்டாள்.

மாடிப்படிக்குக் கீழே மௌஸம்மா நிரந்தரமானாள். தானே பதில் சொல்லும் கோப்பு போய்விட்டதால், ஒவ்வொரு கணினிக்கும் ஆள் உட்கார வேண்டியிருந்தது. அவள் பட இன்ஸ்டாலரைக் கிளைகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தாள். பச்சையைத் தொடு, ஆரஞ்சைத் தொடாதே. கிளை அலுவலகங்களில் வாசல் காவலர் முதல் வண்டி ஓட்டுநர்வரை ஓஎஸ் போட்டார்கள். தவறே நடக்கவில்லை என்றில்லை, குறைவாக நடந்தது. அவர் பயந்ததும் அப்படியே பலித்தது. கணினிப் பிரிவுக்குக் கணினிகள் வருவது நின்றுபோனது. அறையில் பாதியைப் பழைய நாற்காலி போட்டுவைக்க எடுத்துக்கொண்டார்கள். மௌஸம்மா மீதிப் பாதியில் உட்கார்ந்து, எந்த அழைப்பும் வராத ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாத சந்தோஷம் எத்தனை நாளைக்கு வரும்.

ஒரு மத்தியானம் அவள் ஜன்னலுக்கு வந்தாள். சீட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கி, பார்க்காமலே ஓரமாக வைத்தார். எல்லாரிடமும் செய்வதுதான்.

"வாயால சொல்லும்மா. கண்ணாடி கொண்டுவரல."

அவர் கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "கறுப்பு ரெண்டு, மஞ்சள் ஒண்ணு சார்" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு சிவப்பு வந்தப்போ உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"நான் என்ன பண்ணப்போறேன்னும் தெரியும்."

"உங்க விரலைப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதி கிதி எல்லாம் கிடக்கட்டும். மேலாளர் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவாரு?"

அவள் ஜன்னல் கட்டையில் இருந்த டோனர் தூளை விரலால் தள்ளினாள். "சொல்லத்தான் சார் வாயெடுத்தேன். விதி ஞாபகம் வந்து நிறுத்தல. அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்கள்ல, பேச இடமில்லம்மான்னு. அந்தக் குரல் ஞாபகம் வந்துச்சு. அவ்வளவு அன்பா இதுவரைக்கும் என்கிட்ட யாரும் பேசினதே இல்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரியில் பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை; மேலே பொடிப்பொடியாக எழுத்து. ஆனால் ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒரு துண்டு கலர் டேப் ஒட்டியிருந்தது. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். அவர் இங்கே வந்த நாளிலிருந்து அந்த டேப்பை வைத்துத்தான் வேலை ஓடுகிறது. ஏழு வருஷம் இந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் யார் என்பது அவருக்குத் தெரியாததில்லை. டேப்பை யார் ஒட்டினார்கள் என்று மட்டும் தம்மையே இதுவரை கேட்டுக்கொள்ளாமல் இருந்தார்.

கறுப்பில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. கொண்டுவந்து வைத்தார். சரியாக இருந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

"டேப் உரிஞ்சா சொல்லுங்க சார். புதுசு ஒட்டித் தரேன்."

அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சிரிக்கவில்லை. அவர் "ம்" என்றார். அவள் நடையில் திரும்பிப் போனாள்.

மஞ்சள் டேப்பின் ஒரு மூலை அப்போதே உரிந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. உள்ளே போய் நகத்தால் அழுத்தினார். நிற்கவில்லை. எச்சில் தொட்டு மறுபடி அழுத்தினார்.